ரேடியேட்டர் விசிறிக்கு யார் கட்டளை இடுவது?

கருத்து விளக்கக் கட்டுரை – வாசிப்புத் துணை (படிவம் 4, 5)



கருத்து விளக்கக் கட்டுரை என்றதும் நம் வகுப்புகளில் வழக்கமாக வருவது கைப்பேசியின் நன்மை தீமைகள், வாசிப்பின் அவசியம், சுற்றுச்சூழல் தூய்மை. தப்பில்லை. ஆனால் மாணவர்கள் மனப்பாடம் செய்து வைத்திருக்கும் தலைப்புகள் அவை. விளக்குவதற்கு அங்கே ஒன்றும் இல்லை, ஒப்பிப்பதற்குத்தான் இருக்கிறது. அதனால் இம்முறை காரின் பானட்டைத் திறந்து ஒரு பொருளை எடுத்திருக்கிறேன். இன்னொரு காரணமும் உண்டு. ஒவ்வோர் ஆண்டும் நம் மாணவர்கள் சிலர் தொழிற்கல்லூரிக்கு வாகனத் தொழில்நுட்பம் படிக்கப் போகிறார்கள். அங்கே பாடம் மலாயில், பாகங்களின் பெயர் ஆங்கிலத்தில். வீட்டில் அப்பா, "பட்டறையில என்னதான்பா செஞ்சாங்க?" என்று கேட்டால், "ஃபேன் பிராப்ளம்ப்பா" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. எது, ஏன், எப்படி என்று தமிழில் நாலு வாக்கியம் சேர்ந்தாற்போல் சொல்ல வருவதில்லை.

நாம் இருக்கும் இடத்திலிருந்தே தொடங்குவோம். உலு திராமிலிருந்து தெப்ராவ் நெடுஞ்சாலையில் ஜொகூர் பாரு நோக்கி வரும் ஒரு காரை நினைத்துக்கொள்ளுங்கள். சாலை காலியாக இருந்தால் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகம். எதிர்க்காற்று முன்புறக் கம்பி வலை வழியாகப் புகுந்து ரேடியேட்டரைக் குளிர்வித்துக்கொண்டே இருக்கும். விசிறிக்கு அங்கே ஏறக்குறைய வேலையே இல்லை. அதே கார் பள்ளி விடுமுறைக்கு முந்தைய மாலையில் கடற்பாலத்தை அடைகிறது. 1924-இல் திறக்கப்பட்ட அந்தப் பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். அதைக் கடக்க ஒரு மணி நேரம் ஆனாலும் ஆகும், அதற்கு மேலும் ஆகும். இயந்திரம் ஓடுகிறது, ஏர்கோன் ஓடுகிறது, கார் மட்டும் ஓடவில்லை. எதிர்க்காற்று இல்லை. சுற்றிலும் மற்ற வாகனங்களின் சூடு. அந்த நேரத்தில் இயந்திரத்தைக் காப்பாற்றுவது ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கும் அந்தப் பிளாஸ்டிக் விசிறி மட்டுமே.

இயந்திரம் எரிக்கும் எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வெப்பமாகக் குளிர்நீருக்குள் போகிறது. கூலன்ட் என்று நாம் சொல்லும் அந்த நீர் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் ஓடி வெப்பத்தைக் காற்றிடம் கொடுத்துவிட்டுத் திரும்புகிறது. காற்று நகரவில்லை என்றால் வெப்பம் எங்கே போகும்? நீரிலேயே தங்கும். நீர் கொதிக்கத் தொடங்கும், நீராவிக் குமிழ் இருக்கும் இடத்தில் உலோகம் குளிராது. இயந்திரத்தின் தலைப்பகுதி பெரும்பாலும் அலுமினியம்; அதன் அடியில் இருப்பது பல கார்களில் வார்ப்பிரும்பு. ஒரே சூட்டில் அலுமினியம் வார்ப்பிரும்பைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரியும். விரிந்த தலை வளைந்துவிட்டால் இடையில் உள்ள கேஸ்கட் போய்விடும். ஒரு சின்ன சுவிட்ச் கெட்டதற்குச் சில பத்து ரிங்கிட்டில் முடிந்திருக்க வேண்டிய செலவு, ஆயிரக் கணக்கில் போய் நிற்பது இப்படித்தான்.

முன்காலத்தில் இந்தத் தலைவலி வேறு மாதிரி இருந்தது. தாத்தா வைத்திருந்த டட்சன் 120ஒய் போன்ற பின்சக்கர இயக்கக் கார்களில் இயந்திரம் நீளவாக்கில், ரேடியேட்டரைப் பார்த்தபடி இருக்கும். விசிறியை இயந்திரமே பெல்ட் மூலம் சுழற்றும். இயந்திரம் ஓடினால் விசிறியும் ஓடும். கட்டளை என்ற கேள்விக்கே இடமில்லை. ஆனால் நெரிசலில் இயந்திரம் மெதுவாகச் சுற்றும்போது விசிறியும் மெதுவாகவே சுற்றும். தேவை மிகும்போது காற்று குறையும். நெடுஞ்சாலையில் தேவையே இல்லாதபோது வேகமாகச் சுற்றி எரிபொருளைத் தின்னும். 1985 ஜூலை 9-ஆம் நாள் வெளிவந்த முதல் புரோட்டோன் சாகா முன்சக்கர இயக்கக் கார். 1994-இல் வந்த பெரோடுவா கஞ்சிலும் அப்படியே. இவ்வகைக் கார்களில் இயந்திரம் குறுக்குவாக்கில் இருப்பதால் அதன் அச்சு முன்பக்கம் பார்க்காமல் சக்கரத்தின் பக்கம் பார்க்கிறது. பெல்ட் கொண்டு விசிறியைச் சுற்ற வழியில்லை. எனவே மின்விசிறி வந்தது. அதோடு நம் தலைப்பில் உள்ள கேள்வியும் வந்தது. இயந்திரத்திலிருந்து விடுதலை பெற்ற விசிறிக்கு, "இப்போது சுழல், இப்போது நில்" என்று யார் சொல்வது?

ஓட்டுநரே சொல்லலாமே என்று முதலில் தோன்றும். டேஷ்போர்டில் ஒரு சுவிட்ச் வைத்து, சூடு ஏறினால் தட்டுவது. பந்தயக் கார்களில் இப்படி உண்டு. குடும்பக் காருக்கு இது சரிவராது. பின்னால் பிள்ளைகள் சண்டை, முன்னால் மோட்டார் சைக்கிள் வெட்டு, கையில் கடப்பிதழ். இதற்கிடையில் வெப்பமானியின் முள்ளை யார் பார்ப்பது?

இரண்டாவது வழியைப் பட்டறைகளில் அடிக்கடி கேட்கலாம்: "டீச்சர், சுவிட்ச் தேட வேணாம், ஃபேன டைரக்ட்டா போட்டுறலாம். சாவி போட்டதும் ஓடும்." இதை முழுத் தவறு என்று ஒதுக்கிவிட முடியாது. விசிறி எப்போதும் ஓடினால் இயந்திரம் அளவுக்கு மீறிக் குளிர்ந்துவிடும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். அது பெரிய பயமில்லை. தெர்மோஸ்டாட் என்னும் வெப்பநிலைப்படுத்தி நல்ல நிலையில் இருந்தால், நீர் ஏறக்குறைய 82 முதல் 88 பாகை செல்சியசை எட்டும்வரை அது ரேடியேட்டருக்குப் போகும் வழியைத் திறக்காது. உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. சிறிய காரின் விசிறி 120 வாட் என்றால் 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் மின்னோட்டம் வேண்டும். தொடங்கும் நொடியில் அதைப்போலச் சில மடங்கு. அவ்வளவையும் மெல்லிய வயரிலும் சாவித் துளைக்குப் பின்னால் இருக்கும் சிறு தொடுமுனைகளிலும் ஓடவிட்டால் அவை சூடேறிக் கருகும். ஆகவே டைரக்ட்டாகப் போட்டே தீர வேண்டும் என்றாலும் ஃபியூசும் ரிலேயும் இல்லாமல் போடக்கூடாது. நாள் முழுக்க ஓடும் விசிறியின் மோட்டார் சீக்கிரம் தேயும் என்பதும் உண்டு. அது நின்ற நாள், இயந்திரத்தின் சத்தத்தில் நமக்குத் தெரியவே தெரியாது.

இங்கே ரிலேவைச் சற்று நின்று பார்த்துவிடுவோம், ஏனெனில் இனி வரும் எல்லா முறைக்கும் இதுதான் அடிப்படை. ரிலே என்பது மின்காந்தத்தால் இயங்கும் விசை. உள்ளே ஒரு கம்பிச்சுருள். அதற்கு ஏறக்குறைய 0.2 ஆம்பியர் போதும். சுருள் காந்தமாகி ஒரு நாக்கை இழுக்க, பக்கத்தில் இருக்கும் தடித்த தொடுமுனைகள் சேர்ந்து 30 ஆம்பியர் வரை கடத்தும். வாகன ரிலேயின் அடியில் எண்கள் பொறித்திருக்கும்: 85, 86 சுருளுக்கு, 30 பேட்டரியிலிருந்து வருவது, 87 விசிறிக்குப் போவது. சிறிய மின்னோட்டம் கட்டளை இடுகிறது, பெரிய மின்னோட்டம் வேலை செய்கிறது. தலைமையாசிரியர் மணியை அடிப்பதில்லை, அடிக்கச் சொல்கிறார். அந்த மாதிரி.

அந்தச் சிறிய கட்டளையை வெப்பமே கொடுக்கும்படி செய்தால்? அதுதான் தெர்மோ சுவிட்ச். ரேடியேட்டரில் திருகப்பட்டிருக்கும் இதன் உள்ளே, சூட்டில் வளையும் ஈருலோகத் தகடு ஒன்று இருக்கும். 95 பாகையில் சேரும், 90 பாகையில் பிரியும் என்பது போல இரண்டு எண்கள் இதற்கு உண்டு. ஏன் இரண்டு? ஒரே எண்ணில் சேர்ந்து ஒரே எண்ணில் பிரிந்தால், 95-இல் ஓடத் தொடங்கிய விசிறி அடுத்த நொடியே 94.9-இல் நின்று, மீண்டும் ஓடி, மீண்டும் நிற்கும். படபடவென்று அடித்துக்கொண்டு ரிலேயே எரிந்துபோகும். அந்த ஐந்து பாகை இடைவெளிதான் விசிறிக்கு ஓட நேரமும் ஓய்வும் தருகிறது. வீட்டு இஸ்திரிப் பெட்டியின் சிவப்பு விளக்கைக் கவனித்தீர்கள் என்றால் இதே வித்தை தெரியும்.

பழைய காருக்குச் சுவிட்ச் மாற்றும்போது பலர் எண்ணைப் பார்ப்பதில்லை, புரியின் அளவு பொருந்துகிறதா என்று மட்டும் பார்க்கிறார்கள். "கொஞ்சம் குறைஞ்ச டிகிரி போட்டா இன்னும் கூலா இருக்கும்" என்பது கேட்க நன்றாக இருக்கும். ஆனால் விசிறி தொடங்கும் வெப்பநிலை தெர்மோஸ்டாட் திறக்கும் வெப்பநிலைக்கு மேலே இருக்க வேண்டும். 88-இல் திறக்கும் தெர்மோஸ்டாட் உள்ள இயந்திரத்தின் நீர், 88-க்குக் கீழே வராமல் இருப்பதற்கே அது அங்கே இருக்கிறது. அந்த இயந்திரத்திலிருந்து நீர் வெளியேறும் வாயில் 80-இல் சேரும் சுவிட்சைப் போட்டால் விசிறி நிற்கவே நிற்காது. காசு கொடுத்து வாங்கிய டைரக்ட் இணைப்பாகிவிடும். இன்னொன்று, சுவிட்ச் இருக்கும் இடம். ரேடியேட்டரிலிருந்து குளிர்ந்த நீர் வெளியேறும் கீழ்ப்பக்கத்தில் இருந்தால் எண் குறைவாக இருக்கும். சூடான நீர் வரும் பக்கத்தில் இருந்தால் கூடுதலாக இருக்கும். அதனால் பக்கத்து வீட்டுக் காரின் எண் உங்கள் காருக்குப் பொருந்த வேண்டும் என்ற கட்டாயமில்லை.

"தண்ணி 100 பாகையில கொதிக்குமே, 95 வரைக்கும் விடலாமா?" என்று வகுப்பில் ஒரு மாணவராவது கேட்பார். நல்ல கேள்வி. ரேடியேட்டர் மூடி 0.9 பார் அளவுக்கு அழுத்தத்தை உள்ளே பிடித்து வைக்கிறது. அந்த அழுத்தத்தில் வெறும் நீரே ஏறக்குறைய 118 பாகையில்தான் கொதிக்கும். கூலன்ட் கலந்திருந்தால் அதற்கும் மேலே. சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் அழுத்தம் ஒரே நொடியில் போய், 110 பாகை நீர் முழுவதும் முகத்துக்கு நேரே பொங்கும். காரணம் தெரிந்தவர் அந்த மூடியில் கை வைக்க மாட்டார்.

இப்போது ஏர்கோனுக்கு வருவோம். ரேடியேட்டருக்கு முன்னால் ஏர்கோனின் கண்டென்சர் இருக்கிறது. அதற்கும் காற்று வேண்டும். எனவே பெரும்பாலான கார்களில் ஏர்கோனைப் போட்டாலே விசிறிக்கும் ஒரு கட்டளை போகும். நீர் சூடாக இருக்கிறதோ இல்லையோ, விசிறி ஓடும். குளிர்நாட்டில் இது கோடைக்கு மட்டும். நம் ஊரில் ஏர்கோன் இல்லாமல் யார் ஓட்டுகிறோம்? அதனால் ஒரு விசித்திரம் நடக்கிறது. தெர்மோ சுவிட்ச் கெட்டு மாதக்கணக்கானாலும் ஏர்கோனின் தயவில் விசிறி ஓடிக்கொண்டே இருக்கும்; நமக்குத் தெரியாது. என்றாவது ஒருநாள் ஏர்கோன் எரிவாயு தீர்ந்தோ, எரிபொருளை மிச்சம் பிடிக்க நாமே அணைத்தோ, நெரிசலில் நிற்கும்போது முள் ஏறும்.

ஆகவே நீண்ட பயணத்துக்கு முன் ஏர்கோனை அணைத்துவிட்டு, திறந்த வெளியில் காரை நிறுத்தி இயந்திரத்தை ஓடவிடுங்கள். முள் நடுவுக்கு வந்து சற்று நேரத்தில் விசிறி தானாக ஓட வேண்டும், பிறகு நிற்க வேண்டும், மறுபடி ஓட வேண்டும். ஓடாமல் முள் நடுவைத் தாண்டினால் ஏர்கோனைப் போடுங்கள். உடனே விசிறி ஓடுகிறதா? அப்படியென்றால் மோட்டார் நலம். வெப்பத்திலிருந்து வரும் கட்டளைதான் எங்கோ அறுந்திருக்கிறது. அப்போதும் ஓடவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, மோட்டார் என்று தேட வேண்டும். (இரண்டு விசிறி உள்ள சில கார்களில் ஏர்கோனுக்குத் தனி விசிறி, எது ஓடுகிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும்.)

பாலத்தின் நடுவில் முள் ஏறினால் ஏர்கோனை அணைப்பதா, போடுவதா என்று இரண்டு கட்சி உண்டு. இரண்டுக்கும் காரணம் இருக்கிறது. சுவிட்ச் மட்டும் கெட்டிருந்தால் ஏர்கோனைப் போடுவது விசிறியை எழுப்பும். மோட்டாரே செத்திருந்தால் ஏர்கோன் இருக்கிற சூட்டோடு இன்னும் சூட்டைச் சேர்க்கும். போட்டுப் பார்த்து, விசிறிச் சத்தம் கேட்காவிட்டால் உடனே அணைத்துவிட்டு, ஓரமாக ஒதுங்கி இயந்திரத்தை நிறுத்துவதுதான் வழி.

ஒரே வேகத்தில் ஓடும் விசிறிக்கு ஒரு குறை உண்டு. கொஞ்சம் காற்று போதும் என்றாலும் முழு வேகம், முழுச் சத்தம். இதற்கு இரு வேக முறை வந்தது. விசிறியோடு ஒரு மின்தடையைச் சேர்த்து மெதுவாக ஓட்டுவது ஒரு வகை. அந்தத் தடை எரிந்துபோனால் மெதுவான வேகம் மட்டும் போய்விடும், வேகமான ஓட்டம் இருக்கும். இரண்டு விசிறி இருந்தால் இன்னும் அழகான வழி. தொடக்கப்பள்ளி அறிவியலில் படித்த தொடர் மின்சுற்றும் இணை மின்சுற்றும்தான். தொடராக இணைத்தால் ஆளுக்கு 6 வோல்ட், இரண்டும் மெதுவாக ஓடும். இணையாக மாற்றினால் ஆளுக்கு 12 வோல்ட், இரண்டும் வேகமாக ஓடும். மாற்றிக் கொடுப்பவை சில ரிலேக்கள். பேட்டரியும் இரண்டு பல்பும் வைத்து இதை வகுப்பிலேயே செய்து காட்டலாம்.

இப்போதைய கார்களில் கட்டளை இடுபவர் இயந்திரக் கணினி. குளிர்நீரில் மூழ்கியிருக்கும் உணரியின் மின்தடை, சூடு ஏற ஏறக் குறையும். கணினி அந்தத் தடையை அளந்து, கார் ஓடும் வேகம், ஏர்கோனின் அழுத்தம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து முடிவெடுக்கிறது. இன்னும் புதியவற்றில் மின்சாரத்தை ஒரு நொடிக்குப் பல முறை வெட்டி வெட்டிக் கொடுத்து, விசிறியை எந்த வேகத்திலும் ஓட்ட முடியும். இதனால் மின்சாரம் எவ்வளவு மிச்சம் என்பதுதான் வியப்பு. விசிறிக்குத் தேவைப்படும் திறன், வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். வேகம் பாதியானால் காற்றும் பாதி. ஆனால் திறன் எட்டில் ஒரு பங்கு. 160 வாட் விசிறி பாதி வேகத்தில் 20 வாட்டில் ஓடும் என்பது கணக்கு. மென்மையாகத் தொடங்குவதால் தொடக்க அதிர்ச்சியும் இல்லை. விலைதான் அதிகம், கெட்டால் திருகிக் கழற்றி மாற்றும் சமாச்சாரமும் இல்லை.

அப்படியானால் எதைத் தேர்ந்தெடுப்பது? புதிய காரில் தயாரிப்பாளர் தேர்ந்தெடுத்துவிட்டார். அதில் கை வைக்காமல் இருப்பதே நம் தேர்வு. கேள்வி எழுவது பழைய காருக்குத்தான். அங்கே பலர் விலையைக் கேட்பார்கள், எத்தனை பாகை என்று கேட்பார்கள். நான் முதலில் கேட்கச் சொல்வது வேறு: இது கெட்டுப்போனால் விசிறி ஓடுமா, நிற்குமா?

பழைய டொயோட்டா கொரோலா கார்கள் சிலவற்றில் இந்தக் கேள்விக்கு அருமையான விடை இருக்கிறது. அவற்றின் சுவிட்ச் மற்றவற்றுக்கு நேர் எதிர். குளிராக இருக்கும்போது சேர்ந்திருக்கும், சூடானால் பிரியும். ரிலேவும் எதிர்மாறானது, சுருளில் மின்சாரம் இருக்கும்வரை விசிறியை நிறுத்தி வைக்கும், மின்சாரம் அறுந்தால் விசிறியை ஓடவிடும். அதாவது கட்டளை "ஓடு" என்பதல்ல, "ஓடாதே" என்பது. வயர் அறுந்தாலும், எலி கடித்தாலும், சுவிட்சின் முனை துருப்பிடித்தாலும் "ஓடாதே" என்று சொல்ல ஆள் இல்லாமல் போகும். விசிறி ஓடிக்கொண்டே இருக்கும். சத்தம் கேட்டு நீங்கள் பட்டறைக்குப் போவீர்கள். மற்ற வகையில் அதே வயர் அறுந்தால் அமைதி. முள் ஏறும்வரை அமைதி. கணினி கட்டுப்பாட்டிலும் இதே எண்ணம் உண்டு: உணரியிலிருந்து வரும் செய்தி பொருளற்றதாக இருந்தால், பல கார்களில் கணினி விசிறியை நிறுத்தாமல் ஓட்டும்.

எனவே பழைய சாகா அல்லது கஞ்சில் வைத்திருப்பவருக்கு என் பரிந்துரை: காருக்கு உரிய எண் கொண்ட தெர்மோ சுவிட்ச், தரமான ரிலே, தனி ஃபியூஸ், போதிய தடிப்புள்ள வயர், நல்ல எர்த். ஏர்கோன் கட்டளையைத் துண்டிக்க வேண்டாம், அது இரண்டாவது காவல். இதற்கு மேல் டேஷ்போர்டில் ஒரு சுவிட்சை வைக்க விரும்பினால் வையுங்கள். ஆனால் தெர்மோ சுவிட்சுக்குப் பதிலாக அல்ல, அதற்கு இணையாக, கூடுதலாக. மனிதன் மறந்தாலும் வெப்பம் மறக்காது அல்லவா?

மாணவர்களே, மேலே உள்ள பத்திகளில் "ஏனெனில்", "ஆகவே", "என்றால்", "அதாவது" வரும் இடங்களை ஒருமுறை கோடிட்டுப் பாருங்கள். அச்சொற்களை எடுத்துவிட்டால் எந்தப் பத்தி விளக்கமாக நிற்கும், எது வெறும் தகவலாகச் சுருங்கிவிடும்?

ஆசிரியர்கள் இதை வீட்டுப் பணியாகவும் கொடுக்கலாம். வீட்டுக் காரில் எத்தனை விசிறி, ஃபியூஸ் பெட்டியின் மூடியில் விசிறிக்கு எந்த இடம், ஏர்கோனைப் போட்டால் எது ஓடுகிறது என்று பார்த்து, ஏறக்குறைய 150 சொல்லில் எழுதி வரச் சொல்லுங்கள். பானட்டைத் திறந்து பார்ப்பது பெரியவர் துணையோடு மட்டும். உள்ளே தொட்டுப் பார்ப்பதாக இருந்தால் கார் நன்றாக ஆறி, சாவியும் வெளியே இருக்க வேண்டும். சில கார்களில் இயந்திரத்தை நிறுத்திய பிறகும் நீர் சூடாக இருந்தால் விசிறி சொல்லாமல் கொள்ளாமல் மீண்டும் சுழலும்.